கார் கடக்கும்வரை இருந்த பாலம்

டாக்டர் பாஃபி மாகாணத் தலைவராக இருந்த காலத்தில் பிரெமு ஆற்றின் மேல் ஒரு பாலம் இருந்தது. அவருடைய கார் கடக்கும் நேரத்துக்கு மட்டும் இருந்தது. முன்சக்கரம் கரையை விட்டு இறங்குவதற்குள் சிமெண்டுத் தூண்கள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நிற்கும், இரண்டு பக்கமும் பச்சை வர்ணம் அடித்த கைப்பிடிக் கம்பிகள் வந்துவிடும். பின்சக்கரம் மறுகரை மண்ணைத் தொட்டதும் எல்லாம் போய், பழையபடி சேறும் சுழலுமாக ஆறு ஓடும். பிரெமாசே ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. ஆட்டு வியாபாரி சாக்யி மட்டும் ஒருமுறை, நாமும் ஓசியில் கடந்துவிடலாம் என்று காருக்குப் பின்னாலேயே ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஓடினான். நட்டாற்றில் பாலம் போயிற்று. ஆடுகள் நீந்திக் கரையேறின, சாக்யியை மூங்கிலைப் போட்டு இழுத்தார்கள். "படிச்சவனுக்குத்தான்டா பாலம், ஆட்டுக்காரனுக்கு எதுக்கு?" என்று சந்தைப் பெண்கள் கேலி செய்து சிரித்த சிரிப்பு அடுத்த மழைவரை ஓயவில்லை.

எல்லாம் அந்த ஊர் வழக்கத்தால் வந்தது. பிரெமாசேயில் யார் வந்தாலும் முதலில் உட்காரவைத்து, சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொடுப்பார்கள். வந்தவர் குடித்துவிட்டு, இங்கே என்ன சேதி என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர், இங்கே குளிர்ச்சிதான் என்று சொல்ல வேண்டும். உள்ளறையில் பிணம் கிடந்தாலும் அதுதான் பதில். தாகத்தோடு வந்தவன் தலையில் இடியை இறக்கக் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் வயிற்றில் இறங்கி, மூச்சு நிதானத்துக்கு வந்து, மழையையும் கோகோக் காயையும் பற்றி நாலு வார்த்தை பேசிய பிறகு, வீட்டுப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாவது பாதியை அவிழ்ப்பார். இன்னார் போய்விட்டார், கூரை பறந்துவிட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. எல்லாரும் காத்திருப்பது இதற்காகத்தான். பெரிய மனிதர்கள் வர ஆரம்பித்த பிறகு இதில் கோளாறு விழுந்தது. அவர்கள் தண்ணீர் குடித்தார்கள், கேட்டார்கள், குளிர்ச்சி என்று காதில் விழுந்ததும் சந்தோஷமாக எழுந்துவிட்டார்கள். அன்றைக்கே அவர்களுக்கு இன்னும் பல ஊர்கள் இருந்தன. இரண்டாவது பாதி பெரியவர் வாயிலேயே தங்கிப்போயிற்று. பாதியில் விட்ட வார்த்தை சும்மா கிடக்குமா? அது தன்பாட்டுக்கு மெய்யாக ஆரம்பித்தது.

மாகாணத் தலைவராக முதலில் வந்தவர் மண்ணைப் பற்றிப் படித்த டாக்டர். அவர் காலத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, அவர் நடந்த வரப்பில் மட்டும் சோளம் ஒரு முழம் உயர்ந்து நின்று, அவர் போனதும் குனிந்துகொண்டது. அடுத்தவர் பொருளாதாரம் படித்தவர். அவர் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது, அவர் தெருவில் போனால் கம்பங்களில் விளக்கு எரிந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் வாத்தியாரும் வந்தார்கள். போகும்போது கூடவே கொண்டுபோய்விட்டார் என்று கோபக்காரர்கள் திட்டினார்கள். அது அபாண்டம். அவர் பத்து விரலிலும் ஒரு கறை கிடையாது. தலைநகரத்துக்குப் போய், பிரெமாசேயில் குடிநீர் இருக்கிறது, நானே திருகிப் பார்த்தேன் என்று எழுதிவைத்தார். திருகியதும் உண்மை, வந்ததும் உண்மை. ஆப்பிரிக்காவுக்கு வேண்டியது படித்த தலைவர்கள்தான் என்று வானொலியில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊராரும் மறுக்கவில்லை.

ஆகவே டாக்டர் பாஃபியின் பேர் அறிவிக்கப்பட்டபோது அவருடைய அக்கா அஃப்ரகோமா முற்றத்திலேயே ஒரு ஆட்டம் ஆடினாள். மற்றவர்கள் எங்கிருந்தோ வந்த டாக்டர்கள். இவன் இந்த மண்ணில் பிறந்த யாவ், அவள் கூடப்பிறந்தவன். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு இவள் முதுகில் ஏறித்தான் பிரெமுவைக் கடந்தான். ஒருமுறை சுழலில் இரண்டு பேரும் போயிருப்பார்கள், இவள் ஒரு வேரைப் பிடித்தாள். அந்தப் பயத்தில்தான் அவன் பாலம் கட்டும் படிப்பைப் படித்தான், பனி கொட்டும் தேசத்துக்குப் போய் அதிலேயே டாக்டர் பட்டமும் வாங்கினான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வாய்க்கு வந்த பழமொழியைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும், பாஃபியின் படிப்பு சுத்தமான படிப்பு. எந்த ஆற்றுக்கு எந்தத் தூண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் முதல் வேலையாகப் பிரெமுவுக்குத்தான் பாலம் போடுவதாக இருந்தார். முதல் பயணத்திலேயே கார் ஆற்றை நெருங்கியது, பாலம் எழுந்து நின்றது. டாக்டர் நடுவில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், குனிந்து தூண்களைப் பார்த்தார். "எனக்கு முன்னாடி இருந்தவர் நல்லாத்தான் கட்டியிருக்காரு, யாரும் சொல்லவே இல்லையே," என்று வியந்தார். பிரெமுவைத் தன் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தச் சிமெண்டை வேறொரு ஆற்றுக்கு ஒதுக்கினார். அந்த ஆற்றிலும் அவர் போனபோது பாலம் இருந்தது.

அஃப்ரகோமா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தம்பி பல வருஷம் கழித்து வந்திருக்கிறான், குடும்பப் பெரியவர் என்டிம் குளிர்ச்சி சொல்லிவிட்டார், இரண்டாவது பாதியை அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று நிலக்கடலை சூப்பை ஊற்றப் போய்விட்டாள். அடுத்த முறைக்குள் மழை வந்தது.

அவளுக்கு டெச்சிவா ஒரே மகள். அந்த ஜனங்களுக்குள் மாமன் என்றால் தகப்பனுக்கு மேல், மருமக்கள்தான் வாரிசு. டெச்சிவாவுக்கு ஒன்பது வயது, வாய் நீளம், ஓட்டைப்பல், யார் வந்தாலும் தண்ணீர் கொண்டுவருவது அவள் வேலை. அந்த மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மறுகரையில்தான் மருத்துவமனை. அஃப்ரகோமா பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள். ஆறு மரங்களை உருட்டிக்கொண்டு போயிற்று. எதிரே மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வெள்ளை உடுப்புப் போட்ட நர்சு ஒருத்தி துணி காயப்போடுவது நன்றாகத் தெரிந்தது. இவள் கூப்பிட்டாள், அவள் கையை ஆட்டினாள். பட்டப்பகலில், எல்லாம் கண்ணுக்கு எதிரே இருக்க, பிள்ளை முதுகிலேயே போய்விட்டது. கட்டிய துணியை அவிழ்க்க விடாமல் அவள் சாயங்காலம்வரை அங்கேயே நின்றாள். அந்த ஊரில் பிள்ளைகளை வீட்டுக்குப் பின்னால் கோகோ மரங்களுக்கு நடுவில்தான் புதைப்பார்கள். அங்கே புதைத்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் தம்பிக்குச் சேதி சொல்ல ஆள் போனான். அலுவலகத்தில் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, என்ன சேதி என்று கேட்டார்கள். அவன் வழக்கப்படி, எங்க ஊரில் குளிர்ச்சிதான் என்றான். நல்லது என்று காரியதரிசி சாப்பிடப் போய்விட்டார். ஆள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் சுற்றுப்பயணம் கிளம்பிப் பிரெமாசேக்கு வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே இறங்கினார், நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் வருவதற்குள்ளேயே என்ன சேதி என்றார். என்டிம் பெரியவருக்கு வாய் கோணியது, இருந்தாலும் வழக்கத்தை விட முடியுமா? இங்கே குளிர்ச்சிதான் என்றார். உடனே வீட்டுப் பின்புறத்திலிருந்து டெச்சிவா தண்ணீர்க் குடுக்கையோடு வந்தாள். தலைமுடியில் மண் இருந்தது. மாமனுக்கு முழங்கால் மடக்கிக் குடுக்கையை நீட்டினாள். அஃப்ரகோமா அந்த முடியைத் தொட்டுப் பார்த்தாள். மகள் மாமன் மடியில் சாய்ந்து ஃபூஃபூக் களி தின்றாள், பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடினாள், ஓட்டைப்பல்லைக் காட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கார் கிளம்பிப் புழுதி அடங்கியதும் டெச்சிவா பாயை உதறுவது போலப் பாவாடையை உதறிவிட்டு, கோகோ மரங்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். மண் அவள்மேல் தானாகவே ஏறி மூடிக்கொண்டது.

"பாலம் வருது, குழாய் வருது, பிள்ளை வரக்கூடாதா?" என்றார் என்டிம் பெரியவர். மற்றவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு மாகாணத்திலேயே டாக்டர் பாஃபியை அதிகம் அழைத்தது அவருடைய அக்காதான். சேனைக்கிழங்குத் திருவிழாவுக்கு வா, கிணற்றுக்குக் கல் நாட்ட வா, சும்மாவாவது வா. வந்தால் விடமாட்டாள். இன்னொரு அகப்பை சூப், இன்னொரு குவளை பனங்கள், எங்கேடா அவசரம், உட்காரு. தம்பி உட்காரும் ஒவ்வொரு நாழிகையும் அவளுக்கு மகள். தலைவாரிவிடுவாள், சட்டை மாற்றிவிடுவாள், நகத்து இடுக்கில் இருக்கும் மண்ணைக் குச்சியால் எடுத்துவிடுவாள். டாக்டருக்கோ, அக்காவுக்குத் தன்மேல் இருக்கும் பாசத்தை நினைத்துக் கண் கலங்கும். தன் மாகாணம்போல் செழித்த மாகாணம் எங்கேயும் இல்லை என்று நம்பினார். அலுவலக அறையில் உட்கார்ந்து ஆட்சி செய்கிறவரா அவர்? ஊர் ஊராகப் போய்க் கண்ணாலே பார்க்கிறவர். கண்ணால் காண்பதும் பொய் என்பது அவர் படித்த ஊரில் தெரியாது போலிருக்கிறது.

ஒவ்வொரு மழைக்கும் ஆறு பிள்ளைகளை எடுத்தது. பள்ளிக்கூடத்துக்கு நீந்திப் போனவை, காய்ச்சலில் கரையிலேயே முடிந்தவை, பிறக்கும்போதே போனவை. டாக்டர் வரும் நாளில் அந்தப் பிள்ளைகள் எல்லாரும் வந்து தெருவோரம் வரிசையாக நின்று கொடி அசைத்தார்கள். வரிசை ஆண்டுக்கு ஆண்டு நீண்டது. டாக்டர் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். "இந்த ஊருல பிள்ளைங்க நல்லாப் பெருகுதுக்கா," என்று பூரித்துப்போவார். "கைதான் கொஞ்சம் சில்லுனு இருக்கு, ஸ்வெட்டர் அனுப்பி வைக்கிறேன்." சொன்னபடி அனுப்பியும் வைத்தார். தாய்மார்கள் அவற்றைப் பெட்டியில் மடித்துவைத்தார்கள்.

பக்கத்துவீட்டுக் கொனாடு தன் இரட்டைப் பிள்ளைகளை ஒரே நாளில் ஆற்றுக்குக் கொடுத்த வருஷம், அவள் வந்து அஃப்ரகோமாவின் முற்றத்தில் நின்று கத்தினாள். "இந்தச் சாவு உன் மகளோட நின்னுருக்க வேண்டியது. நீ அன்னைக்கே உன் தம்பிகிட்டச் சொல்லியிருந்தா என் புள்ளைங்க இன்னைக்குப் பாலத்துல நடந்துருக்கும். மாசத்துக்கு ஒருதடவ மகள் மூஞ்சியப் பாக்கணும்னு ஊர்ப்புள்ளைங்களை முழுங்கிட்டியேடி!" அஃப்ரகோமா பதிலுக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த முறை தம்பி வந்திருந்தபோது, அந்த இரட்டையர் அம்மாவின் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கொனாடுவும் வாயைத் திறக்கவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் அன்றைக்குத் தலைவாரிக்கொண்டிருக்கும்போது டெச்சிவா சொன்னாள்: "அம்மா, கீழ ரொம்ப நெருக்கடியா இருக்கும்மா. ரெட்டைங்க என் பக்கத்துலதான் படுக்குதுங்க. இன்னும் வருவாங்களா?"

அஃப்ரகோமாவின் கையிலிருந்த சீப்பு நின்றது. அவள் மகளின் தலையை வாரி முடித்தாள், பின்னலைப் போட்டாள், முகத்தைத் துடைத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து, எழுந்திருக்கப் போன தம்பியின் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"யாவ், தண்ணி குடிச்சிட்ட. ரெண்டாவது பாதி கேக்கல."

"அக்கா, எனக்கு இன்னும் நாலு ஊர் இருக்கு."

"உக்காருடா! இங்க குளிர்ச்சி இல்ல. பிரெமு மேல பாலம் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. நீ பார்க்கிற குழாயில தண்ணி கிடையாது. உன் மருமக செத்துப்போய்ப் பல வருஷமாச்சு, என் முதுகுல செத்தா."

"என்னக்கா உளர்ற? இப்பத்தான அவ கையால தண்ணி குடிச்சேன்."

"குடிச்ச. அந்தக் கை ஏன் அப்படிச் சில்லுனு இருந்துச்சுன்னு என்னைக்காவது கேட்டியா?"

சொல்லி வாய் மூடவில்லை, தெருவோரம் நின்ற பிள்ளைகள் கொடிகளைக் கீழே போட்டுவிட்டுக் கோகோ மரங்களுக்குள் நடந்தார்கள். தாய்மார்கள் பின்னாலேயே ஓடினார்கள். டெச்சிவா கடைசியாகப் போனாள், திரும்பி ஓட்டைப்பல்லைக் காட்டினாள். குழாயிலிருந்து ஒரு பல்லி இறங்கிப் போயிற்று. டாக்டர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார், வாயைத் திறந்து குழந்தை மாதிரி அழுதார். நல்ல மனுஷன்தான், யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. மறுநாள் அவர் ஆற்றில் மார்பளவு இறங்கி மூங்கில் கம்பால் ஆழம் பார்த்தார், கரையில் உட்கார்ந்து பாலத்துக்குப் படம் போட்டார். காருக்கு அதன்பிறகு பாலம் வரவில்லை, கார் பிரெமாசேயிலேயே நின்றுவிட்டது, கோழிகள் அதில் முட்டையிட ஆரம்பித்தன. டாக்டர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு பிரெமுவைக் கடந்து, ஈரக் காற்சட்டையோடு தலைநகரத்துக்குப் போனார். வெறும் முற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம் அஃப்ரகோமாவின் நெஞ்சு எரிந்தது. ஆனாலும் கொனாடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தாள். இரண்டு பேரும் பாலம் வரும் என்று நம்பினார்கள்.

தலைநகரத்தில் மாகாணத் தலைவர்கள் ஜனாதிபதியைச் சந்திப்பதை வானொலியில் நேராக ஒலிபரப்பினார்கள். ஜனாதிபதிக்கு டாக்டர் பட்டம் இரண்டு. பிரெமாசே முழுவதும் என்டிம் பெரியவர் வீட்டு வானொலியைச் சுற்றி உட்கார்ந்தது. ஜனாதிபதி ஒவ்வொரு மாகாணமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணாடிக் குவளைகள் வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. "டாக்டர் பாஃபி, உங்க பக்கம் என்ன சேதி?" என்றார். பாஃபி தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அஃப்ரகோமா கொனாடுவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்க பக்கம் குளிர்ச்சிதான் ஐயா."

முற்றத்தில் எல்லாரும் வானொலிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இது முதல் பாதிதானே, முறைப்படி முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும், பையன் சரியாகத்தான் போகிறான், இப்போது இரண்டாவது பாதி வரும் என்று காத்திருந்தார்கள். வானொலியில் கைதட்டல் வந்தது, நாற்காலிகள் நகர்ந்தன, அடுத்த மாகாணம் போயிற்று, அதற்கடுத்து வாத்திய இசை வந்தது. "சொல்லத்தான் வாயெடுத்தேன் அக்கா," என்று பின்னால் வந்தபோது பாஃபி சொன்னார். "அவர் அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு. எழுந்து சொன்னா நாகரிகமில்ல. அப்புறம் தனியா சொல்லலாம்னு..." அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மகளைக் கொடுத்து வாங்கிய வார்த்தையை ஒருத்தன் இப்படிக் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறானே என்று நினைத்தபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜனாதிபதிக்கு அந்தக் குளிர்ச்சி மிகவும் பிடித்துப்போயிற்று, அதைக் கண்ணாலே பார்க்க அவரே பிரெமாசேக்கு வந்தார். பாஃபி பாதியில் விட்ட வார்த்தை மறுபடி மெய்யாயிற்று, ஜனாதிபதியுடைய கார்கள் பலவாக இருந்ததால் பாலம் அகலமாக எழுந்தது, இரண்டு பக்கமும் விளக்குக் கம்பங்கள் வேறு. பாஃபி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாலம் உறுதிதானே டாக்டர் என்று ஜனாதிபதி கேட்டதற்கு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உறுதிதான் ஐயா என்றார். ஊரில் குழாய்கள் எல்லாம் தாமாகவே கொட்டின. கோகோ மரங்களுக்குள்ளிருந்து பிள்ளைகள் வந்தார்கள், முன்னைவிட நீள வரிசை. டெச்சிவா குடுக்கையோடு வந்து அம்மாவின் இடுப்பில் சாய்ந்துகொண்டாள். ஜனாதிபதி தண்ணீர் குடித்தார். என்டிம் பெரியவர் இந்தத் தடவை தான் பதில் சொல்லாமல், மாகாணத் தலைவருடைய அக்கா சொல்லட்டும் என்று கையைக் காட்டிவிட்டார்.

"இங்கே என்ன சேதி, அம்மா?" என்றார் ஜனாதிபதி.

ஊர் முழுவதும் அவள் வாயைப் பார்த்தது. பாஃபி தரையைப் பார்த்தார். கொனாடு இரட்டையரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள். அஃப்ரகோமா ஒருமுறை சொல்லிப் பார்த்தவள். சொன்னது எங்கே போய் நின்றது என்று வானொலியில் கேட்டவள். மகளின் பின்னலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இங்கே குளிர்ச்சிதான் ஐயா," என்றாள். "அவசரமில்லன்னா ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவர் நாலு வாய் சாப்பிட்டார். அந்தப் பயணத்துக்குப் பின் பாஃபி பதவியை விட்டுவிட்டு, பனி கொட்டும் தேசத்துக்கே திரும்பிப் போனார். அங்கே ஆப்பிரிக்காவில் பாலங்கள் ஏன் நிற்பதில்லை என்று பாடம் நடத்துகிறார், நல்ல பேர். வருஷத்துக்கு ஒருமுறை மருமகளுக்கு ரிப்பன் அனுப்புகிறார், அளவு மாற்றுவதில்லை. அவருக்குப் பிறகு பல டாக்டர்கள் வந்துவிட்டார்கள். நீரைப் படித்தவர், சட்டம் படித்தவர், படிப்பையே படித்தவர். ஒவ்வொருவருக்கும் பாலம் எழுந்தது. சாக்யி இப்போது ஆடுகளை விற்றுவிட்டான், பாலம் எழும்போது கரையில் நின்று சலாம் வைக்கிறான். அஃப்ரகோமாவுக்கு முடி வெளுத்துவிட்டது, டெச்சிவாவுக்கு இன்னும் ஒன்பது வயது, அந்தப் பல் முளைக்கவில்லை. போன மாதம் ஒருவர் வந்து போனபோது, புழுதி அடங்கும் நேரத்தில், மண்ணில் படுத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"அடுத்து யாரும்மா வர்றாங்க?"

"யாரோ டாக்டராம்டி. ரொம்பப் பெரிய படிப்பாம். தூங்கு."

அஃப்ரகோமா மகளின் பழைய சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். வெயில் நன்றாக இருந்தது, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது.